அரச பாதையில் வணிகன் எங்கே?
ஹெரோடோட்டஸின் சில பக்கங்களை மீண்டும் வாசித்தல்

பண்டைய பாரசீகம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ஒரு பந்தி தவறாமல் இடம்பிடித்து விடுகிறது. சார்திஸ் நகரத்திலிருந்து சூசா வரை டேரியஸ் மன்னன் அமைத்த அரச பாதை; அதிலே சாரிசாரியாக ஒட்டகங்கள்; பட்டும் வாசனைத் திரவியமும் பொன்னும் ஏற்றிப்போகும் வர்த்தகர்கள்; மழையையும் வெயிலையும் பாராமல் பறக்கும் தபாற்காரர்கள். பாடசாலைப் புத்தகத்திலும் இதுதான், பத்திரிகையின் ஞாயிறு அனுபந்தத்திலும் இதுதான். ஆதாரம் என்னவென்று கேட்டால் ஹெரோடோட்டஸ் என்று பதில் வரும். கேட்டவரும் அத்தோடு வாய் மூடிவிடுவார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஆசிரியரோடு யார் வழக்காடுவது?

ஆனால் ஹெரோடோட்டஸை எடுத்து அந்த இடத்தை வாசித்துப் பார்த்தால் அங்கே ஒட்டகமும் இல்லை, பட்டும் இல்லை. வர்த்தகன் ஒருவன்கூட இல்லை. ஒரு பிரதி சொல்லாததை அதன் வாயில் போட்டுவிட்டு, பிறகு அதையே சாட்சிக்கு அழைக்கிறோம். இலக்கிய விமர்சனத்தில் இப்படி ஒருவர் ஒரு கவிதையை வாசித்தால் நாம் சும்மா விடமாட்டோம். வரலாற்றுப் பிரதி என்று வந்ததும் ஏனோ விட்டுவிடுகிறோம்.

பாதை பற்றிய அந்தப் பகுதி ஐந்தாம் நூலில் வருகிறது. அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அதை வாசிக்கவே ஏலாது. மிலேத்தஸ் நகரத்து அரிஸ்டகோரஸ் பாரசீகத்துக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யத் துணிந்து, கி.மு. 499 அளவில் உதவி தேடி ஸ்பார்ட்டாவுக்குப் போகிறான். கையில் உலகப் படம் செதுக்கிய ஒரு வெண்கலத் தகடு. இந்த நாட்டில் இத்தனை வெள்ளி, அந்த நாட்டில் இத்தனை ஆடுமாடு என்று விரலால் தொட்டுத் தொட்டு மன்னன் கிளியோமினஸுக்கு ஆசை காட்டுகிறான். மன்னன் யோசிக்க இரண்டு நாள் எடுத்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்கிறான்: கடற்கரையிலிருந்து பாரசீக அரசன் இருக்கும் இடத்துக்கு எத்தனை நாள் பயணம்? சூரனான அரிஸ்டகோரஸ் அந்த ஒரு இடத்தில் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறான். மூன்று மாதம். பொழுது சாய முன்னம் ஸ்பார்ட்டாவை விட்டு வெளியேறு என்று உத்தரவாகிறது. பிறகு அவன் இலஞ்சம் பேசிப் பார்க்கிறான். பத்துத் தலந்தில் தொடங்கி ஐம்பது மட்டும் ஏற்றுகிறான். எட்டு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை கோர்கோ, எழும்பிப் போங்கள் என்று தகப்பனை எச்சரிக்கிறாள். அத்தோடு பேரம் முடிந்தது.

இந்தக் கதைக்குப் பின்னால்தான் பாதை வருகிறது. அரிஸ்டகோரஸ் சொன்ன மூன்று மாதம் சரிதான் என்று நிறுவுவதற்காகவே ஹெரோடோட்டஸ் கணக்குப் போடுகிறார். சார்திஸிலிருந்து சூசாவுக்கு 111 தங்குமிடங்கள், 450 பரசங், அதாவது 13,500 ஸ்டேடியா, நாளொன்றுக்கு 150 ஸ்டேடியா நடந்தால் 90 நாள். எபேசஸ் கரையிலிருந்து சார்திஸுக்கு மூன்று நாளைக் கூட்டினால் 93. இடையிலே ஹாலிஸ் ஆற்றங்கரை வாயில், காவற்படை, சிலீசிய எல்லைக் காவல், ஓடத்தில் கடக்கும் ஆறுகள். தங்குமிடங்கள் நல்லவை, பாதை குடிமனைகளுக்கு ஊடாகப் பத்திரமாகப் போகிறது என்கிறார். இது படை நடத்திப் போகும் ஒருவனுக்கு வேண்டிய தகவல். வண்டி ஏற்றுகிறவனுக்கு வேண்டிய சுங்கம், கூலி, சந்தை விலை ஒன்றும் இதில் கிடையாது.

அவருடைய கணக்கும் நேராக இல்லை. பிரதேசம் பிரதேசமாக அவர் தரும் தங்குமிடங்களைக் கூட்டினால் நம்மிடம் வந்து சேர்ந்துள்ள பிரதிகளில் 81தான் வருகிறது, 111 வரவில்லை. பிரதி எடுத்தவர்கள் எங்கோ ஒரு வரியை விட்டிருக்க வேண்டும் என்று பதிப்பாசிரியர்கள் இட்டு நிரப்புகிறார்கள். 111 என்ற எண்ணைக் கல்வெட்டுப் போலத் தூக்கிப்பிடிக்கும் கட்டுரைகளில் இந்தச் சிக்கலைக் காண்பது அரிது.

பரசங் என்ற சொல் நமக்கு அந்நியமானதல்ல. அதுதான் அரபியில் பர்ஸக். நமது ஷாபிஈ கிதாபுகளில் கஸ்ர் தொழுகைக்குரிய தூரத்தை 4 பரீத், 16 பர்ஸக், 48 மைல் என்று ஓதியவர்கள் இருப்பார்கள். ஒரு பரீத் 4 பர்ஸக். ஹெரோடோட்டஸின் 450 பரசங்கை 111 தங்குமிடங்களால் பிரித்துப் பாருங்கள். நாலுக்குச் சற்று மேலே வரும். இதை வைத்து நான் பெரிய கோட்டை கட்டப் போவதில்லை. குதிரைக்கும் மனிதனுக்கும் களைப்பு வரும் தூரம் எல்லாக் காலத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பரீத் என்ற சொல்லைக்கூட மொழியியலாளர் பலர் தபால் குதிரையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு சேர்க்கிறார்கள், பாரசீகத்தோடு அல்ல. ஆனாலும் ஈரானியப் பாதையின் அளவுகோல் ஒன்று நமது பயணத் தொழுகையின் சட்டத்துக்குள் இன்றும் இருக்கிறது. அதுவும் வியாபாரத்தின் வழியாக வந்ததல்ல, தூரம் அளந்த நிர்வாகத்தின் வழியாக வந்தது.

தபாற்காரர் பற்றிய புகழ்பெற்ற இடம் எட்டாம் நூலில் இருக்கிறது. பனி, மழை, வெப்பம், இருள் ஒன்றும் அந்தக் குதிரைக்காரர்களைத் தடுக்காது என்ற கருத்தை நியூயோர்க் தபால் தலைமையகக் கட்டடத்தின் நெற்றியில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பொறித்தவர்கள் முன்பின் பக்கத்தை வாசித்தார்களோ தெரியாது. அது கி.மு. 480இல் சலாமிஸில் தோற்ற சேர்க்ஸஸ் தன் தோல்விச் செய்தியை ஊருக்கு அனுப்பும் இடம். அதற்கு முன் போன செய்தி ஏதென்ஸ் பிடிபட்டது என்பது. சூசா மக்கள் வீதியெல்லாம் மேர்ட்டில் இலைகளைத் தூவிக் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டம் முடிய முன்னமே இரண்டாவது செய்தி வந்து அவர்களை உடையைக் கிழித்து அழ வைத்தது. உலகிலே வேகமான அஞ்சல் அரசனுடைய மானக்கேட்டை வேகமாகக் கொண்டுவந்தது என்பதே அங்கே ஹெரோடோட்டஸ் வைத்திருக்கும் குத்தல். அதைத் தபாற் சேவையின் பாராட்டுப் பத்திரமாக மாற்றிவிட்டோம்.

இதைவிட வேடிக்கை, பாரசீகரிடம் சந்தையே கிடையாது என்று சொன்னவரும் இதே ஹெரோடோட்டஸ்தான். முதலாம் நூலில் சைரஸ் மன்னன் கிரேக்கரை இளக்காரமாகப் பேசுகிறான்: ஊருக்கு நடுவே ஓர் இடம் ஒதுக்கி, அங்கே கூடிச் சத்தியம் பண்ணி ஒருவரையொருவர் ஏமாற்றுகிற ஆட்களுக்கு நான் பயப்படுவேனா என்ற தொனியில். பாரசீகர் சந்தை வைத்து வாங்கி விற்பதில்லை என்று ஆசிரியர் விளக்கமும் சேர்க்கிறார். அது முழு உண்மையாக இருக்க முடியாது. பஜார் என்ற சொல்லே ஈரானிய மொழிகளிலிருந்து உலகம் முழுக்கப் போனது. இங்கே நான் கேட்பது வேறு. பாரசீக வணிகப் பாதைக்கு ஆதாரமாக நாம் நிறுத்தும் ஆசிரியர், பாரசீகருக்கு வணிகமே தெரியாது என்று எழுதியிருக்கிறார். இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று நமது கட்டுரையாளர் ஒருவரும் தடுமாறியதாகத் தெரியவில்லை.

சரி, கிரேக்கனை விடுவோம். பாரசீகருடைய சொந்தக் காகிதம் என்ன சொல்கிறது? காகிதம் அல்ல, களிமண். 1933-34இல் பெர்செபோலிஸ் கோட்டைச் சுவர்ப் பகுதியில் சிக்காகோ கீழைத்தேய நிறுவனத்தின் அகழ்வில் ஆயிரக்கணக்கான களிமண் வில்லைகள் கிடைத்தன. டேரியஸ் காலத்தில் கி.மு. 509 முதல் 493 வரையான களஞ்சியக் கணக்குகள், பெரும்பாலும் ஏலாமிய மொழியில். 1969இல் ரிச்சர்ட் ஹாலொக் 2,087 வில்லைகளைப் படித்து வெளியிட்டார். யாரோ ஒரு களஞ்சியக்காரர் யாரோ ஒரு வழிப்போக்கருக்கு இத்தனை மா கொடுத்தேன், இத்தனை மது கொடுத்தேன் என்று எழுதி முத்திரை குத்தியவை அவற்றில் ஏராளம். அலங்காரம் இல்லை, வருணனை இல்லை. எனக்கு ஹெரோடோட்டஸைவிட இவை பெரிய இலக்கியமாகப் படுகின்றன. இதை மிகை என்று சிலர் சொல்லலாம்.

இந்த வில்லைகளின்படி பாதையில் சாப்பாடு கிடைக்க ஒரு 'ஹல்மி' வேண்டும். முத்திரையிட்ட அனுமதிப் பத்திரம். அரசனோ மாகாண ஆளுநரோ கொடுத்தது. யுத்த காலத்தில் பாஸ் எடுத்துப் பயணம் போனவர்களுக்கும், அதற்கு முன்பு அரிசிக் கூப்பனோடு வரிசையில் நின்றவர்களுக்கும் நான் மேலும் விளக்கத் தேவையில்லை. ஹல்மி இரண்டும் சேர்ந்த ஒரு சாமான். அதைக் காட்டினால் மா கிடைக்கும். ஆளின் தரத்துக்கேற்ப அளவு மாறும். கௌரவமானவருக்கு நாளைக்கு ஒன்றரைக் கா, கூட வரும் பொடியனுக்கு ஒரு கா. ஒரு கா என்பது ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு.

யார் யார் போனார்கள்? இந்தியாவிலிருந்து சூசாவுக்கு அப்பத்தேமா என்று ஒருவர், அவரைக் கூட்டிப்போக ஓர் உயர்தர வழிகாட்டி. மார்தோனியஸின் மனைவி, அரசனின் மகள். அவளுக்கும் பத்திரம் வேண்டியிருந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட எகிப்தியத் தொழிலாளர்கள் ஒரே கூட்டமாகத் தமுக்கன் என்ற ஊருக்கு. லிசியர், திரேசியர் என்று ஊர் ஊராகப் பெயர்க்கப்பட்ட உழைப்பாளிகள் வேறு. அவர்கள் விரும்பிப் போனார்களா என்று வில்லை சொல்லாது. மா அளந்த கணக்கு மட்டும் சொல்லும்.

ஒரு வில்லை என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது. டேரியஸின் 27ஆம் ஆண்டு, பதினோராம் மாதம். நமது கணக்கில் கி.மு. 494 தொடக்கம். தாத்தியா என்பவர் சார்திஸிலிருந்து அரசனிடம் பெர்செபோலிஸுக்கு அதிவேக அஞ்சலில் போகிறார். வழியில் ஹிதாலி என்ற இடத்தில் அவருக்கு ஏழு மர்ரிஷ் பார்லி மது கொடுக்கப்படுகிறது. ஒரு மர்ரிஷ் பத்து லீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இது ஒரு பெரிய மனிதர். இவர்தான் நாலு வருஷம் கழித்து மரத்தன் போருக்குப் படை கொண்டுபோன தாத்திஸ் என்று ஆய்வாளர்கள் இனங்காண்கிறார்கள். அந்த 494இல்தான் மிலேத்தஸ் விழுந்தது. அரிஸ்டகோரஸ் தூண்டிவிட்ட கிளர்ச்சி முடிந்தது. ஆகப் பாதையின் மேற்கு முனையிலிருந்து ஒரு தளபதி மாரிகாலத்தில் அவசரமாக அரசனைக் காண ஓடுகிறார். அந்தப் பெரிய நிகழ்ச்சியிலிருந்து நமக்கு மிஞ்சியது மதுக் கணக்கு. ஹெரோடோட்டஸும் வில்லையும் இந்த ஒரு புள்ளியில் கைகுலுக்குகின்றன. இரண்டுமே சொல்வது ஒன்றுதான்: இது அரசனுடைய பாதை. (அசீரியர் காலத்திலேயே 'அரசனின் வழி' என்ற பெயர் இருந்தது. டேரியஸ் போட்ட பாதை என்பதும் பாதி உண்மைதான்.)

எகிப்தின் ஆளுநர் அர்ஷாமா தன் அலுவலர் நெக்த்ஹோருக்குக் கொடுத்த தோல் பத்திரம் ஒன்று ஒக்ஸ்போர்டில் இருக்கிறது. அரமேய மொழி. மெசப்பத்தேமியாவிலிருந்து எர்பில், டமஸ்கஸ் வழியாக எகிப்து வரையுள்ள தோட்டப் பொறுப்பாளர்களுக்கு எழுதியது. மா, மது, ஓர் ஆடு, வேலையாட்களுக்கு இத்தனை, குதிரைக்குத் தீனி இத்தனை என்று பட்டியல் போகிறது. கடைசியில் ஒரு நிபந்தனை: ஓரிடத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினால் அந்த நாட்களுக்கு மேலதிகமாக ஒன்றும் கொடுக்க வேண்டாம். வணிகனுக்கு இந்த ஒரு நிபந்தனையே போதும், தொழில் படுத்துவிடும். நல்ல விலை வரும்வரை காத்திருப்பதுதானே அவனுடைய தொழில்.

பாதை இருந்தால் வியாபாரி அதில் நடக்காமலா இருந்திருப்பான் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நடந்திருப்பான். அவனுக்குக் களஞ்சியத்தில் மா கிடையாது. ஆகவே களஞ்சியக் கணக்கில் பெயரும் கிடையாது. வில்லைகளின் மௌனத்தை வைத்து வணிகமே இருக்கவில்லை என்று முடிவுகட்டுவதும் பிழைதான். சின்ன சைரஸின் ஆட்சிப் பகுதியில் குற்றம் செய்யாத எவனும், கிரேக்கனோ அந்நியனோ, விரும்பியதை எடுத்துக்கொண்டு பயமில்லாமல் போகலாம் என்று செனபோன் எழுதுகிறார். அதே மூச்சில், கையும் காலும் கண்ணும் இழந்தவர்களைப் பாதையோரங்களில் அடிக்கடி காணலாம் என்றும் எழுதுகிறார். பாதுகாப்பு எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். நமது கட்டுரைகளில் முதற்பாதி மட்டும் வரும்.

வணிகனைத் தேடுகிறவர் ஹெரோடோட்டஸின் ஐந்தாம் நூலை மூடிவிட்டு முதலாம் நூலைத் திறக்க வேண்டும். பாபிலோனைப் பற்றிச் சொல்லும்போது, அந்நகரத்துக்கு அடுத்தபடியாகத் தன்னை வியக்க வைத்தது ஒரு தோணி என்கிறார். ஆர்மீனியாவில் மரச் சட்டம் கட்டி, வெளியே தோல் போர்த்து, கேடயம் போல வட்டமாகச் செய்த தோணி. உள்ளே வைக்கோல், சரக்கு, பெரும்பாலும் மது. ஒவ்வொரு தோணியிலும் உயிரோடு ஒரு கழுதை. பெரிய தோணியில் பல கழுதைகள். நீரோட்டத்தோடு பாபிலோன் வந்து சேர்ந்ததும் சரக்கை விற்கிறார்கள், சட்டத்தையும் வைக்கோலையும் விற்கிறார்கள், தோலைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு தரைவழியாக ஊருக்குத் திரும்புகிறார்கள். ஆற்றின் வேகத்தை எதிர்த்து மேலே போக முடியாது. ஊர் போய் இன்னொரு தோணி. முதலீடு, சரக்கு, கழிவு, திரும்பும் செலவு எல்லாமே இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிட்டது. மனுஷனுக்கு வியாபாரத்தைப் பற்றி எழுதத் தெரியாமல் இல்லை. அரச பாதையைப் பற்றி எழுதும்போது அதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

பாரமான சரக்குக்குத் தண்ணீர்தான் வழி என்பதும் இதில் தெரிகிறது. தொண்ணூறு நாள் கழுதைக்குத் தீனி போட்டால் அது சுமந்த தானியத்தில் என்ன மிஞ்சும்?

தரையில் வணிகனைக் கையும் மெய்யுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் பாபிலோனின் எகிபி குடும்பத்து ஆவணங்களுக்குப் போகலாம். பல தலைமுறை நடந்த வியாபார வீடு. அந்த வீட்டின் இத்தி-மர்துக்-பலாத்து எக்பதானாவுக்கும், பெர்செபோலிஸுக்குக் கிட்ட இருந்த ஹுமதேசுவுக்கும் போய் அங்கே பத்திரம் எழுதியிருக்கிறார். வாங்கியவற்றில் அடிமைகளும் உண்டு. அரசவை எங்கே போகிறதோ அங்கே பணம் போகிறது, அதன் பின்னால் இவர் போகிறார். ஒட்டகச் சாரி ஓவியத்தைவிட இந்த மனிதர் எனக்கு நம்பும்படியாக இருக்கிறார். நல்லவராக அல்ல, நம்பும்படியாக.

இவ்வளவையும் நான் வேலை மெனக்கெட்டுப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாம் வணிகச் சமூகம் என்று பெயர் எடுத்தவர்கள். நமது வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்தப் பழைய பாதையைக் கண்டாலும் அதில் நமக்கு முன்னோர் போன்ற ஒருவரை நடக்கவிட ஆசைப்படுகிறார்கள். ஆசை பொல்லாததல்ல. ஆனால் அதன் விளைவு என்ன? தோணிக்காரனும் கழுதைக்காரனும் தங்கள் கைக்காசைப் போட்டுச் செய்த வேலையின் புகழ், பாஸ் கொடுத்து மா அளந்த அரசனுக்குப் போய்ச் சேருகிறது. பாதையில் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்ட எகிப்தியத் தொழிலாளியோ ஓவியத்துக்குள் வருவதேயில்லை. பாதைகளைப் பற்றி நமது அரபு நூலாசிரியர்கள் இந்தக் குழப்பத்தைச் செய்யவில்லை என்பதையும் கவனிக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பரீத் அதிகாரியாக இருந்த இப்னு குர்தாத்பிஹ் தமது 'கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்' நூலில் அரச பாதைகளைப் பர்ஸக் கணக்கில் தருகிறார். ராதானிய யூத வணிகர்கள் எந்தக் கடல், எந்தக் கரை வழியாக எதைச் சுமந்து போனார்கள் என்பதைத் தனியாகச் சொல்கிறார். அதிகாரிக்கு இரண்டின் வித்தியாசம் தெரிந்திருந்தது.

கடைசியாக ஓர் ஆவணம். எகிப்தின் தெற்கெல்லையில் எலிபந்தைன் தீவில் 1906-07இல் ஜெர்மானியர் தோண்டியபோது அஹிகார் கதையின் அரமேயப் பிரதி கிடைத்தது. அசீரிய அரசவையின் அறிவாளி, வளர்ப்பு மகனுக்குச் சொன்ன உபதேசம், அந்த மகன் செய்த துரோகம். அரபியில் ஹைகார் என்ற பெயரில் ஆயிரத்தொரு இரவுகளின் சில பிரதிகள் வரை வந்த கதை இது. லுக்மானுல் ஹகீமோடு இவரை ஒப்பிட்டு எழுதியவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. இலக்கியக்காரர்கள் பல பத்தாண்டுகள் இந்தக் கதையைத்தான் வாசித்தார்கள். கதை எழுதப்பட்ட பப்பைரஸ் ஏற்கெனவே எழுதிக் கழுவிய பப்பைரஸ். கழுவியதில் மங்கிப்போன அடியெழுத்தைப் பெசலேல் போர்டனும் ஆடா யார்தெனியும் சேர்ந்து படித்து 1993இல் வெளியிட்டார்கள். அது ஒரு சுங்கக் கணக்கு. பொதுவாகக் கி.மு. 475 என்று கணிக்கப்படுகிறது. சேர்க்ஸஸின் பதினோராம் ஆண்டு. எகிப்துக்கு வந்த கப்பல்கள் ஒவ்வொன்றாக, திகதி வாரியாக, அயோனியக் கப்பல் வேறு, பினீசியக் கப்பல் வேறு. வந்த சரக்கு மது, எண்ணெய், மரம், இரும்பு, கம்பளி. அயோனியரிடம் பொன்னாகவும் வெள்ளியாகவும் வரி. பினீசியரிடம் சரக்கில் பத்திலொன்று. அதற்கு அங்கே இருக்கும் அரமேயச் சொல் நமது உஷ்ர் என்ற சொல்லின் உறவு. திரும்பிப் போகும்போது கப்பல்கள் ஏற்றிய பொருள் நேத்திரன் உப்பு. அதற்கும் தீர்வை எழுதியிருக்கிறது.